ஜானி ஸ்மித் கடை வைத்த ஊர்

செப்டம்பர் 18, புதன்

டென்வரிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு பஸ் டிக்கெட் பன்னிரண்டு டாலர், இரண்டு மணி நேரப் பயணம். காலை ஒன்பதரைக்கு ஏறிய நான் ஊர் போய் இறங்கியபோது மணி இரண்டு. நடுவில் மான்யுமென்ட் மேடு என்று ஓர் இடம் இருக்கிறது. 7,352 அடி, ஏறக்குறைய ஊட்டியின் உயரம். கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது என்பதால் மலை ஏறுகிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. ரப்பர் கருகும் வாடையோடு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒதுங்கி நின்றுகொண்டது.

நம் ஊராக இருந்தால் பாதிப் பேர் இறங்கி இன்ஜினைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் இருக்கையை விட்டு எழவில்லை. ஓட்டுநர் அம்மாள் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார், மாற்று பஸ் வருகிறது என்றார், எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். பஸ் நின்றுபோனதற்குப் பயணிகள் அவருக்கு நன்றி வேறு சொன்னார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவரின் தொப்பியில் வியட்நாம் போர் வீரர் என்று தைத்திருந்தது. உலர்ந்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். சைவம் என்றேன். ஏதோ என் குடும்பத்தில் துக்கம் நடந்ததைக் கேட்டவர்போல முகம் வாடி, பையைத் துழாவி ஓர் ஆப்பிளைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். ஜானி ஸ்மித் வாழ்ந்த ஊரைப் பார்க்க என்றேன். "எந்த ஜானி ஸ்மித்?" என்றார். அவருக்கே மூன்று பேரைத் தெரியுமாம். ஒருவர் அவருடைய படைப்பிரிவில் இருந்தவர், ஒருவர் காப்பீடு விற்கிறவர், மூன்றாமவர் அவருடைய மைத்துனர். மதுரையில் இறங்கி முருகன் வீடு எது என்று விசாரிக்கிறவன் கதி என் கதி.

நான் தேடிய ஜானி ஸ்மித் 1922 ஜூன் 25-ல் அலபாமா மாநிலத்து பர்மிங்காமில் பிறந்தவர். ஜாஸ் கிட்டார்க் கலைஞர். 1952-ல் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு சேர்ந்து அவர் பதிவு செய்த 'மூன்லைட் இன் வெர்மான்ட்' அவரை அமெரிக்கா முழுக்கத் தெரிந்த ஆளாக்கியது. நியூயார்க்கில் கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தவர் 1958-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து இசைக்கருவிக் கடை வைத்தார். 2013 ஜூன் 11-ல், தொண்ணூற்றோராவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இங்கேயே காலமானார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: அவ்வளவு பெரிய மேதை, போயும் போயும் கடையில் உட்கார்ந்துவிட்டாரே!

நானோ கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்காக பம்பு செட் விற்றுப் பிழைத்தவன். ஈரோடு, தாராபுரம், உடுமலை என்று ஊர் ஊராக லாட்ஜில் தங்கி, கடைக்காரர்களோடு தேநீர் குடித்துக் காலம் கழித்தவன். அந்த லாட்ஜ் அறைகளில் கேட்பதற்காக, குவைத்திலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த கேசட்டில்தான் ஜானி ஸ்மித் எனக்கு அறிமுகம். அவர் வாசிப்பில் அவசரம் இருக்காது. விரல்களை அகல விரித்து நெருக்கமான சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பார். ஆறாவது கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்துக்கொள்வார். அதனால் அடியில் ஒரு கனம் வந்து உட்காரும். அப்படிப்பட்டவரைக் கடைக்காரர் ஆகிவிட்டார் என்று பரிதாபப்படுகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். கடை வைப்பது என்ன அவ்வளவு இழிவா?

தங்கிய மோட்டலை நடத்துகிறவர் குஜராத்திக்காரர். அறை வாடகை வரியோடு தொண்ணூறு டாலருக்கு மேல். சாயங்காலமே தலை விண்விண்ணென்று தெறித்தது. ஊரே ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, முதல் நாள் அப்படித்தான் இருக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி இஞ்சி தட்டிப் போட்ட தேநீரை அறைக்கே கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

காலை உணவு ஒரு பரிட்டோ. கோதுமைச் சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கும் முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டி, மேலே பச்சை மிளகாய்க் குழம்பை ஊற்றித் தட்டு நிறையக் கொடுக்கிறார்கள். குழம்பில் பன்றி இறைச்சி போடுவது இந்த ஊர் வழக்கம். இறைச்சி இல்லாத குழம்பும் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பன்னிரண்டு டாலர். காசு கொடுக்கப் போனால் பரிசாரகப் பெண் திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தாள். பதினெட்டு, இருபது, இருபத்தைந்து சதவீதம் என்று அன்பளிப்புக்கு மூன்று கட்டங்கள். வேறெங்கோ பார்க்கும் அந்த நாகரிகத்துக்காகவே இருபதை அழுத்தினேன். பரிட்டோ பாதிதான் உள்ளே போயிற்று. மீதியைக் கேட்காமலே கட்டிக் கொடுத்தாள்.

நெவாடா சாலையும் பிளாட் சாலையும் வெட்டிக்கொள்ளும் நட்ட நடு நாற்சந்தியில் குதிரை மேல் ஒருவர் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1871-ல் இந்த ஊரை நிறுவிய ஜெனரல் வில்லியம் ஜாக்சன் பாமர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் குதிரைப் பிரிவில் இருந்தவர், பிறகு ரயில் பாதை போட்டவர். ஆக ஊரைத் தொடங்கியவரே போரிலிருந்து வியாபாரத்துக்கு வந்த மனிதர். இன்றைக்கும் தெற்கே ஃபோர்ட் கார்சன் ராணுவ முகாம், வடக்கே விமானப்படை அகாடமி என்று ஊரைச் சுற்றிச் சீருடைதான். கடைக்குக் கடை முன்னாள் படைவீரர்களுக்குத் தள்ளுபடி என்று எழுதியிருக்கிறது. சில இடங்களில் கார் நிறுத்தவும் அவர்களுக்குத் தனி இடம்.

பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இயங்கும் பயனியர்ஸ் மியூசியத்துக்குப் போனேன். அனுமதி இலவசம். 1903-ல் கட்டிய கட்டடம். மேலே கடிகாரக் கோபுரம், உள்ளே பறவைக் கூண்டு போன்ற பழைய லிஃப்ட். முன்மேசையில் இருந்த தன்னார்வல இளைஞனிடம் ஜானி ஸ்மித் என்றேன். கணினியில் தட்டிவிட்டு, "ஐயா, நடு எழுத்து ஏதாவது தெரியுமா?" என்று கேட்டான். ஹென்றி என்றேன். ஜான் ஹென்றி ஸ்மித். அதற்கும் பட்டியல் நீண்டது. சுரங்கத் தொழிலாளி ஒருவர், பாதிரியார் ஒருவர், இன்னும் யார் யாரோ.

பக்கத்தில் அஞ்சல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி தலையைத் தூக்கினார். "கிட்டார்க் கடை ஸ்மித்தா?" என்றார். அவருடைய தம்பி கிட்டார்க் கம்பி அறுந்தால் அங்கேதான் ஓடுவானாம். கடைக்காரர் அதிகம் பேசமாட்டாராம். ஏன் இவ்வளவு தூரம் வந்து விசாரிக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. சொன்னேன். ஸ்டான் கெட்ஸ், நியூயார்க், வானொலி எல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியா, அவர் வாசிக்கவும் செய்வாரா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேலை முடிந்துவிட்டது போலவும் இருந்தது.

வெளியே வந்ததும் வானம் கறுத்தது. பத்தே நிமிடத்தில் சரளைக்கல் அளவுக்கு ஆலங்கட்டி. ஒதுங்க அகப்பட்ட இடம் ஓர் அடகுக் கடை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் அடகுக் கடையில் நகையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. இங்கே துளைபோடும் இயந்திரம், வேட்டைத் துப்பாக்கி, கல்யாண மோதிரம், சாக்ஸபோன், குளிருக்கான தோல் அங்கி, ஒரு தையல் மெஷின். சுவர் முழுக்க கிட்டார்கள், கழுத்தில் விலைச்சீட்டோடு. 79 டாலர், 120 டாலர், 349 டாலர். ஒட்ட முடிவெட்டிய ஓர் இளைஞன், பார்த்தாலே முகாமிலிருந்து வந்தவன் என்று தெரிந்தது, ஒரு வீடியோ கேம் பெட்டியை மேசையில் வைத்துத் தாழ்ந்த குரலில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அறுபது தருவதாக அடகுக் கடைக்காரர் சொன்னார். அவன் எண்பது கேட்டான். அறுபத்தைந்தில் முடிந்தது. போகும்போது அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, மழையில் பார்த்துப் போ மகனே என்றார் அவர்.

ஒரு கிட்டாரின் கம்பிகளை விரலால் மீட்டினேன். ஆறு கம்பியும் ஆறு திசையில் போயிற்று. "சுருதி சேர்த்து வைக்க ஆள் கிடையாது. உங்களுக்குத் தெரியுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள்" என்றார் கடைக்காரர். ஜானி ஸ்மித்தின் பள்ளிக்கூடமே இப்படிப்பட்ட கடைதான் என்று அவரிடம் சொன்னேன். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அப்பா வேலை பார்த்த ஃபவுண்டரி மூடப்பட்டது. கோவைக்காரனுக்கு ஃபவுண்டரி மூடுவது என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டாம். குடும்பம் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் மெய்ன் மாநிலத்து போர்ட்லண்டில் தங்கியது. கிட்டார் வாங்க வழியில்லாத பையன் அடகுக் கடைகளுக்குப் போவான். அங்கே தொங்கும் கிட்டார்களுக்குச் சுருதி சேர்த்து வைப்பான். அதற்குக் கூலியாக வாசித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. பதின்மூன்று வயதில் அவனே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவனிடம் படித்த ஒருவர் புதுக் கிட்டார் வாங்கியபோது பழையதை அவனுக்குக் கொடுத்தார். அவனுடைய முதல் கிட்டார் அதுதான். பிறகு பள்ளியை விட்டு, அங்கிள் லெம் அண்ட் தி மவுண்டன் பாய்ஸ் என்ற கிராமிய இசைக்குழுவில் சேர்ந்து சந்தைகளிலும் நடன அரங்குகளிலும் வாசித்தான். ஓர் இரவுக்கு நான்கு டாலர்.

கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் கேள்விப்பட்டிருக்கும் பாட்டு ஏதாவது அவர் போட்டிருக்கிறாரா?" என்றார். 'வாக் டோன்ட் ரன்' என்றேன். உடனே கண்ணாடி மேசையில் விரலால் தாளம் தட்டி வாயால் அந்த மெட்டை இசைக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் அது வென்ச்சர்ஸ் குழுவின் பாட்டு அல்லவா என்று சாதித்தார். 1954-ல் அதை எழுதியது ஸ்மித். அதைக் கேட்டு செட் அட்கின்ஸ் என்ற கிட்டார்க் கலைஞர் வாசித்தார். அவர் வாசித்ததைக் கேட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் தங்கள் வென்ச்சர்ஸ் குழுவோடு 1960-ல் வெளியிட்டார்கள். நாட்டின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம். பதின்ம வயதுப் பிள்ளைகள் பாதிப் பேர் கிட்டார் வாங்கக் கிளம்பியது அந்தப் பாட்டைக் கேட்டுத்தான். அப்போது அதை எழுதியவர் இந்த ஊரில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதைவிட நல்ல வியாபார விளம்பரத்தை என் கம்பெனிக்கு நான் கனவில்கூடக் கேட்டதில்லை.

ஆலங்கட்டி நின்றது. ஒன்றும் வாங்காமல் வர மனம் ஒப்பவில்லை. மூன்று டாலருக்கு ஒரு கம்பிச் சுருள் வாங்கினேன். என்னிடம் கிட்டார் கிடையாது.

செப்டம்பர் 20, வெள்ளி

தலைவலி போய்விட்டது. மூக்கில் காய்ந்த ரத்தம் மட்டும் இருந்தது. காற்றில் ஈரமே இல்லை. உதட்டுக்கு நெய் தடவிக்கொண்டேன்.

இரண்டாம் உலகப் போர் விமானங்களுக்கென்று விமான நிலையத்தின் அருகே ஒரு தேசிய மியூசியம் இருக்கிறது. நுழைவுச்சீட்டைவிடப் போக டாக்சிக்கு அதிகம் கொடுத்தேன். போனது விமானம் பார்க்க அல்ல. விமானி ஆக முடியாத ஒருவரை நினைத்துப் போனேன்.

போர் மூண்டபோது ஜானி ஸ்மித் விமானி நண்பர்களிடம் ஓரளவு ஓட்டக் கற்றிருந்தார். போர் விமானி ஆகும் ஆசையில் ராணுவ வான்படையில் சேர்ந்தார். இடது கண் பார்வை சரியில்லை என்று பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மெக்கானிக் பள்ளியா, ராணுவ இசைக்குழுவா என்று கேட்டார்கள். இசைக்குழு என்றார். ராணுவ இசைக்குழுவில் கிட்டாருக்கு என்ன வேலை? கையில் ஒரு கார்னெட்டைக் கொடுத்தார்கள். ஊதுகுழல் வகை, டிரம்பெட்டின் தம்பி. கூடவே பிரெஞ்சுக்காரர் ஆர்பன் எழுதிய பயிற்சிப் புத்தகம், இரண்டு வார அவகாசம். அதற்குள் ஊதவும் சுரக்குறிப்பைப் பார்த்து வாசிக்கவும் வராவிட்டால் மெக்கானிக் பள்ளிதான். அதுவரை அவருக்குச் சுரக்குறிப்பு படிக்கத் தெரியாது. குழுத் தலைவரின் யோசனைப்படி கழிப்பறைக்குள் போய் நின்று ஊதிப் பழகினார். தேறிவிட்டார்.

வீரக் கதைகளில் இதற்கு இடம் கிடையாது. பதக்கம் கொடுக்கவும் முடியாது. ஆனால் பிறகு நடந்தவை எல்லாம் இந்த இரண்டு வாரத்திலிருந்து கிளைத்தவை. போர் முடிந்து நியூயார்க்கில் என்.பி.சி. வானொலியின் நிலைய வித்வானாகச் சேர்ந்தார். எந்தத் தாளை முன்னால் வைத்தாலும் உடனே பார்த்து வாசிக்க வேண்டிய வேலை அது. கிட்டார் வாசிக்கிறவர்களில் அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு அபூர்வம். இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் செரினேட் என்ற படைப்பை இசை நடத்துநர் டிமித்ரி மித்ரோபோலஸ் நடத்தியபோது கிட்டாருக்கு அழைக்கப்பட்டவர் இவரே. நல்ல கண் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த விமானங்களின் கீழே நின்று யோசித்தேன். பதில் அவ்வளவு இனிமையாக இல்லை.

வழிகாட்டி எண்பதைத் தொட்ட மனிதர். வருகிறவர்களிடம் எல்லாம் முதலில் ஒரே கேள்வி: படையில் இருந்தீர்களா? இல்லை, பம்பு விற்றேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. கான்சஸில் அவருக்கு விவசாய நிலமாம். எத்தனை குதிரைத் திறன், எத்தனை அடி ஆழம், மணல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று பிடித்துக்கொண்டார். இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்துக்குக் கீழே நின்று நீர்மூழ்கி பம்பின் பேரிங் பற்றிப் பேசினோம். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் காத்திருந்தது. ஆசிரியை தொண்டையைச் செருமினார்.

இசைக்குழுவினரின் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது அவர் கொஞ்சம் யோசித்து, ஒரு பி-25 குண்டுவீச்சு விமானத்திடம் கூட்டிப்போனார். அதன் பெயர் 'இன் தி மூட்'. கிளென் மில்லரின் புகழ்பெற்ற நடன இசை. மில்லர் இதே கொலராடோவின் ஃபோர்ட் மார்கனில் பள்ளியில் படித்தவர். நல்ல வருமானம் தந்த இசைக்குழுவைக் கலைத்துவிட்டு 1942-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 1944 டிசம்பர் 15-ல் இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குப் புறப்பட்ட அவருடைய சிறிய விமானம் போய்ச் சேரவே இல்லை. அந்த பி-25 இன்றும் பறக்கிறது என்றார் வழிகாட்டி. நான் போன அன்று பறக்கவில்லை.

திரும்ப டாக்சி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. நேற்றைய பரிட்டோவின் மீதி மதிய உணவாயிற்று. ஆறியபின் மிளகாய்க் குழம்பு இன்னும் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 21, சனி

மேனிட்டூ ஸ்பிரிங்ஸுக்கு உள்ளூர் பஸ். ஒன்றே முக்கால் டாலர், சில்லறை சரியாக இருக்க வேண்டும். இல்லாமல் நின்றேன். பின்னால் நின்ற பெண் எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். நன்றி சொல்லக்கூட இடம் தரவில்லை.

ஊரெங்கும் தாதுநீர் ஊற்றுகள். குழாய் வைத்துவிட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம். ஒன்று கோலி சோடா, சர்க்கரை மட்டும் இல்லை. இன்னொன்றில் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்ததுபோல இரும்பு வாடை. ஒரு தாத்தா பத்துப் பன்னிரண்டு பாட்டில்களில் அதைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தார். எதற்கு நல்லது என்று கேட்டேன். "எதற்கும் இல்லை, பழகிவிட்டது" என்றார்.

பைக்ஸ் பீக் சிகரத்துக்கு 1891 முதல் பல்சக்கர ரயில் ஓடுகிறது. டிக்கெட் அறுபது டாலருக்கு மேல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினேன். 14,115 அடி உச்சியில் பனி தூறியது, காற்று முகத்தில் அறைந்தது, நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அங்கே சுடும் டோனட் பேர்போனது. அந்த உயரத்துக்கென்று தனிப் பக்குவமாம், கீழே கொண்டுபோனால் அமுங்கிப் போகும் என்கிறார்கள். எண்ணெய் சொட்டச் சொட்டச் சூடாக இரண்டு சாப்பிட்டேன். மலைக்குப் பெயர் தந்த ஜெபுலன் பைக் 1806-ல் ஏறப் பார்த்து முடியாமல் திரும்பியவர். ஏறாதவர் பெயரிலேயே மலை இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இறங்கும்போது பாதிப் பெட்டி தூங்கியது. எனக்கு 1957 ஞாபகம் வந்தது. ஸ்மித் பகலில் வானொலி நிலையத்தில் வேலை செய்து, இரவில் பேர்ட்லேண்ட் போன்ற கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த காலம். இரண்டாவது மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். சிசுவும் பிழைக்கவில்லை. சின்னஞ்சிறு மகள் மட்டும் மிஞ்சினாள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்த தன் அம்மாவிடம் குழந்தையை அனுப்பினார். மறு ஆண்டு, 1958-ல், நியூயார்க்கை விட்டு அவரும் வந்துவிட்டார். கடை வைத்தார், கிட்டார் சொல்லிக்கொடுத்தார், பெண்ணை வளர்த்தார். இடையிடையே இசைத்தட்டுகளும் வந்துகொண்டுதான் இருந்தன. அதே 1958-ல்தான் விமானப்படை அகாடமியின் மாணவர்களும் இந்த ஊருக்குக் குடிவந்தார்கள். கண்ணில் குறையில்லாத பையன்கள் தலைக்கு மேலே பறக்க, இவர் கீழே கடைக் கதவைத் திறந்திருப்பார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சாலையோரம் மிளகாய் வறுக்கிறார்கள். இது அதற்கான பருவம். பக்கத்து பியூப்லோவில் விளைகிற பச்சை மிளகாயைக் கம்பி உருளையில் கொட்டி, கீழே எரிவாயுச் சுடரைச் சீறவிட்டுச் சுழற்றுகிறார்கள். தோல் கருகி வெடிக்கிறது. அந்த நெடி இரண்டு தெரு தள்ளியே என்னை இழுத்துவிட்டது. சுற்றி நின்ற யாரும் இருமவில்லை, நானும் இருமவில்லை. விற்கிறவருக்கு என்மேல் மரியாதை ஏற்பட்டது. ஒரு பை இருபது டாலர். பஸ்ஸில் ஏறும்போது ஓட்டுநர் மோப்பம் பிடித்து, அது கீழே சாமான் அறையில்தான் வர வேண்டும் என்று உத்தரவிட்டார். இந்த முறை பஸ் மேட்டில் நிற்கவில்லை.

டென்வரில் தங்கை மகன் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். இரவு அந்தப் பழைய பதிவைப் போட்டேன். கேட்டுவிட்டு, "பாவம் மாமா, எவ்வளவு திறமை வீணாகப் போயிருக்கிறது" என்றான். நான் பிடித்துக்கொண்டேன். என்ன வீண்? நியூயார்க்குக்குத் திரும்பாத மனிதரைத் தேடி கிட்டார் தயாரிக்கும் கிப்சன் கம்பெனியின் தலைவரே கொலராடோவுக்கு வந்தார். மேற்பலகையை வெட்டக் கூடாது, ஒலிவாங்கி அதில் படாமல் மிதக்க வேண்டும் என்று இவர் கேட்டபடி செய்து, 1961-ல் இவர் பெயரிலேயே கிட்டார் வெளியிட்டார்கள். டென்வரில் வளர்ந்த ஜாஸ் கிட்டார்க் கலைஞர் பில் ஃபிரிசெல் இளம் வயதில் கிரீலி பல்கலைக்கழகத்தில் இவரிடம் பாடம் கேட்டவர். 1977-ல் பாடகர் பிங் கிராஸ்பி கூப்பிட்டபோது பிரிட்டன் போய் வாசித்தார். அந்தப் பயணம் முடிந்த சில நாளில் கிராஸ்பி ஸ்பெயினில் கோல்ஃப் ஆடி முடித்த கையோடு இறந்துபோனார். 1998-ல் அமெரிக்காவின் தேசிய மியூசியங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் பதக்கம் தந்தது. கடையை மூடிவிட்டு வா என்று யாரும் இவரைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, வேண்டியவர்கள் இவர் இருக்கும் இடத்துக்கு வந்தார்கள்.

"இருந்தாலும் நியூயார்க்கிலேயே இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்" என்றான் அவன். எங்கே என்று கேட்டேன். ஜாஸ் கிட்டாரில் பெரும்புகழ் பெற்ற வெஸ் மான்ட்கோமரி அளவுக்கு என்றான். மான்ட்கோமரி நாற்பத்தைந்து வயதில் இறந்தார் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றான். அதுவும் நியாயமான கேள்விதான். ஆனாலும் விடாமல் பேசினேன்.

அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவர் பெண்ணைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார். கடையும் புகழும் அப்புறம்தானே மாமா?" என்றாள். இவ்வளவு நேரமும் நான் கடைக்காக வாதாடிக்கொண்டிருந்தேன், அவன் புகழுக்காக. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் மிளகாய்ப் பையை எங்கள் நடுவில் வைத்து, தோலை உரித்துக் கொடுங்கள், நாளைக்குத் துவையல் அரைக்கலாம் என்றாள். உரித்தோம். அவன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, காரமே இல்லாத இதற்கா இருபது டாலர் கொடுத்தீர்கள் என்றான். அடுத்த நிமிடம் தண்ணீர் குடிக்க ஓடினான். நியூயார்க் விஷயத்தில் அவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.